கண்ணாடிக் குடிலா, கறிவேப்பிலையா?

மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறையில் பணியாற்றும் பேராசிரியை ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் தாவரவியல் தோட்டங்களில் கண்ணாடிக் குடிலுக்குள் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிட்டு மக்களுக்குக் காட்டுகிறார்கள். எங்கள் கல்லூரித் தோட்டம் ஏறத்தாழ முக்கால் ஏக்கர். அதில் அதுபோன்ற குடில் ஒன்றைக் கட்ட நிர்வாகம் விரும்புகிறது. டெல்டாவின் வெயிலுக்கும் மழைக்கும் அது ஒத்துவருமா? வேலையை எங்கிருந்து தொடங்குவது?"

அம்மா, முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குடில் கட்ட வேண்டாம். அதற்கென்று ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, புழுக்கள் தின்னும் செடிகொடிகளை நட்டு, அவற்றைப் பராமரிக்க ஒரு நல்ல தோட்டக்காரரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிர்வாகத்திடம் நீங்கள் எடுத்துச் சொல்லும்போது காரணங்கள் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் வகைத் தோட்டத்துக்குக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் டேனியர்களின் வணிகத் துறைமுகமாக இருந்த தரங்கம்பாடிக்கு அருகிலேயே இருக்கும் உங்களுக்கு டென்மார்க் அந்நியமான நாடு அல்ல என்பதாலும் அதைத் தேர்ந்துகொள்கிறேன். 1600-ஆம் ஆண்டில் அரசரின் ஆணையால் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கிய அது, இன்று ஏறத்தாழ 10 ஹெக்டேர் பரப்பில் 27 குடில்களோடு நிற்கிறது. அவற்றுள் பெரியதான, பனை வகைகளுக்கான கண்ணாடி மாளிகை 1874-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு குடிலில் கோடை மாதங்களில் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிடுகிறார்கள். சனவரியில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே கிடக்கும் ஊரில் ஒரு வாழையோ காப்பிச் செடியோ உயிரோடு நிற்க வேண்டுமானால், வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாத ஒரு கூரை அவசியமாகிறது. கண்ணாடி அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆகவே அங்கே அது ஆடம்பரமாக எழுந்த கட்டடம் அன்று. அதை விட்டால் அவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

இத்தகைய குடில்களில் வெப்பத்தைச் சுமார் 25 முதல் 28 டிகிரி வரையிலும், காற்றின் ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேலும் வைத்திருப்பார்கள். பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் கூட்டுப்புழுக்களாகத்தான் வந்து சேர்கின்றன. கோஸ்டாரிக்கா, பிலிப்பைன்ஸ், கென்யா போன்ற நாடுகளிலுள்ள பண்ணைகள் அவற்றைப் பஞ்சில் பொதிந்து விமானத்தில் அனுப்புகின்றன. வந்தவற்றை ஒரு பேழைக்குள் வரிசையாகத் தொங்கவிட்டு, வெளிவந்த பூச்சிகளை உள்ளே திறந்துவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களே வாழ்கின்றன. பிறகு அடுத்த பொதி வருகிறது. புழுக்கள் தின்னும் செடிகள் பல குடில்களில் இருப்பதில்லை. சில நாடுகளில், அயல்நாட்டுப் பூச்சி பெருகி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, விதிகளே அதைத் தடுக்கின்றன. அதாவது பார்வையாளர் அங்கே காண்பது ஒரு வாழ்க்கையின் கடைசிப் பகுதியை மட்டும்தான். முட்டை, புழு, கூடு ஆகிய முன்பகுதி முழுவதும் வேறொரு கண்டத்தில் நடந்து முடிந்திருக்கிறது.

இப்போது அதே கண்ணாடிக் கூரையைச் சித்திரை வெயிலில் மயிலாடுதுறையில் நினைத்துப் பாருங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் மூடிய குடிலுக்குள் அது எளிதாக 45-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பட்டாம்பூச்சி பறக்காது. இலைக்கு அடியில் ஒடுங்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது செத்து விழும். ஈரத் திண்டின் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் விசிறி அமைப்பை வைக்கலாமே என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். கடலை ஒட்டிய, வாய்க்காலும் வயலும் சூழ்ந்த நம் மண்ணில் காற்றே ஈரமாக இருப்பதால், ஓசூர் போன்ற உலர்ந்த மேட்டுநிலத்தில் கிடைக்கும் பலன் அந்த அமைப்பிலிருந்து இங்கே கிடைப்பதில்லை. மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் உள்ளேயிருப்பவை எல்லாம் போய்விடும். இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது எத்தனை தென்னைகள் சாய்ந்தன என்பதை நேரில் கண்டவர்கள் உங்கள் ஊரிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். அப்படியொரு காற்று மறுபடியும் வரும் கடற்கரையில், மாணவர்கள் நடமாடும் இடத்தில், தலைக்குமேல் கண்ணாடியை வைக்க நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடி வேண்டாம், வலையால் ஒரு கூடம் கட்டினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என் சொந்த அனுபவமே பதில். டெல்டாவில் ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு விழாவுக்காக நிழல்வலையில் பெரிய கூடம் போட்டு என்னை ஆலோசனைக்கு அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்களை விட்டு வயல்வரப்புகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகளை வலைவீசிப் பிடித்து உள்ளே விட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவை இட்லிப்பூவும் காகிதப்பூவும் புல்தரையும் மட்டுமே. விழா நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, வலையின் மேல்மூலைகளில் வெளிச்சத்தை நோக்கி முட்டிமுட்டி இறகு கிழிந்தவையே நிறைய இருந்தன. கீழே விழுந்தவற்றை எறும்பு இழுத்துப்போய்க்கொண்டிருந்தது. முட்டையிடத் தயாராக இருந்த பெண் பூச்சிகள், இட இடமில்லாமல் வலையிலேயே முட்டைகளை ஒட்டிவிட்டு இறந்திருந்தன. பொரிந்து வந்த புழுவுக்கு அங்கே தின்ன ஓர் இலை கிடையாது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதச் சொல்கிறது.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றால் பூந்தோட்டம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. தேன் குடிக்க உன்னிப்பூவும் போதும், ஊரில் யார் வீட்டுச் செம்பருத்தியும் போதும். ஆனால் முட்டையிட ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய இலை வேண்டும். அந்த இலை இல்லாத இடத்தில் பட்டாம்பூச்சி வழிப்போக்கராக வந்துபோகுமே தவிர, குடியிருக்காது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். காலை ஒன்பது மணி வெயிலில் அதன் அருகே கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். கறுப்பு இறகுள்ள ஒரு பெண் பூச்சி வந்து, இலைமேல் உட்காராமலே படபடத்தபடி முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். கால்களில் சுவை உணரும் நுண்மயிர்கள் இருக்கின்றன; தொட்டாலே இது கறிவேப்பிலையா வேப்பிலையா என்று அதற்குத் தெரிந்துவிடும். சரியான தளிர் கிடைத்ததும் வயிற்றை வளைத்து, கடுகளவுகூட இல்லாத வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். பிறந்ததும் அது பழுப்பும் வெள்ளையுமாக, பளபளப்பாக, அச்சு அசல் பறவை எச்சம்போல இருக்கும். குருவி அதைக் கொத்துவதில்லை. நன்கு வளர்ந்தபின் தோலுரித்துப் பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும். அப்போது அதன் தலைப்பக்கத்தை ஒரு துரும்பால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: கழுத்துக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஈரமான சிறு கொம்பு ஒன்று வெளியே நீளும், கெட்டுப்போன எலுமிச்சைபோல ஒரு நெடி வீசும், பிறகு அது உள்ளே போய்விடும். கண்ணாடிக் குடிலுக்குள் நுழைந்த பிள்ளைகள் பெரும்பாலும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் வீட்டுக் கொல்லையில் இது ஆண்டு முழுவதும் நடக்கிறது.

சோழநாட்டுக்கு ஒரு தனிப்பேறு உண்டு. நம் கோயில் நந்தவனங்கள், யாரும் அப்படி எண்ணி வைக்காமலே, பட்டாம்பூச்சிகளுக்கான இலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கின்றன. வில்வத்தில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. அரளியில், கரும்பழுப்பு இறகின் ஓரத்தில் வெண்புள்ளி வரிசை கொண்ட 'காமன் குரோ' முட்டையிடுகிறது. அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்கிவைத்தாற்போல மின்னும். சரக்கொன்றையின் தளிரை வெளிர்பச்சை இறகுள்ள 'எமிகிரன்ட்' தேடிவருகிறது. எருக்கை நாம் விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். 'வெந்தய வரியன்' என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியோ அதைவிட்டு அகல்வதே இல்லை. வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளியிலும் பொடுதலையிலும் மயிற்கண் புள்ளியுள்ள 'பீகாக் பான்சி' வளர்கிறது. ஆமணக்கிலும், வேலியில் படரும் சிறுபூனைக்காலியிலும், நெட்டிலிங்கத்திலும், மாமரத்துப் புல்லுருவியிலும்கூட ஒவ்வொன்று குடியிருக்கிறது. நெற்பயிரிலேயே வளர்ந்து, அந்திசாயும் நேரத்தில் மட்டும் பறக்கும் பழுப்புநிறப் பட்டாம்பூச்சி ஒன்றும் உண்டு. அதைப் பலர் விட்டில் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் முக்கால் ஏக்கரில் நான் மிகவும் வற்புறுத்துவது இரண்டு பாத்திகளைத்தான். முதல் பாத்தியில் ஆடுதின்னாப்பாளையையும் கறிவேப்பிலையையும் அடுத்தடுத்து நடுங்கள். ஆடுதின்னாப்பாளையின் நச்சுச்சாறு 'கிரிம்சன் ரோஸ்' புழுவின் உடலில் தங்கி, பூச்சியான பிறகும் அதைக் காக்கிறது. ஒருமுறை தின்று குமட்டிய பறவை, கறுப்பு இறகில் சிவப்புப் புள்ளியைக் கண்டாலே ஒதுங்கிவிடும். கறிவேப்பிலையில் வளரும் 'காமன் மார்மன்' நஞ்சில்லாதது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை, நஞ்சுள்ளதன் இறகுக் கோலத்தை அப்படியே போர்த்திக்கொண்டு பறக்கிறது. இரண்டும் ஒரே பூவில் அமரும்போது மாணவர்களை உடலைப் பார்க்கச் சொல்லுங்கள்: உண்மையானதன் உடல் குருதிச் சிவப்பு, வேடம் போட்டதன் உடல் கறுப்பு. இரண்டாம் பாத்தியில் எருக்கும் பருப்புக்கீரையும். எருக்கம்பாலின் நஞ்சைச் சேர்த்துவைத்திருக்கும் வெந்தய வரியனைப் போலவே, பருப்புக்கீரையில் வளரும் 'டனெய்ட் எக்ஃபிளை'யின் பெண்ணும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்; ஆணோ முற்றிலும் வேறாக, கறுப்பில் வெண்திட்டுகளோடு இருக்கும். உயிரினங்களின் போலித்தோற்றம் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம் படித்து மனப்பாடம் செய்வதை, இந்த இரண்டு பாத்திகளும் ஒரு காலைப் பொழுதில் கண்முன் நிறுத்திவிடும்.

மூன்றாவதாகத் தோட்டத்தின் ஒரு மூலையைக் களையெடுக்காமல் விட்டுவிடுங்கள். அங்கே தேள்கொடுக்குச் செடி தானாக வரும். அதை வேரோடு பிடுங்கி நிழலில் இரண்டு நாள் வாடவிட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால், வரியன் இனத்து ஆண் பூச்சிகள் பத்து இருபதாகக் கூடிக் காய்ந்த தண்டில் உறிஞ்சுகுழலை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். கையால் தொட்டாலும் எளிதில் எழுந்து போகாது. அந்தச் செடியிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்தான் பெண்ணைக் கவரும் மணத்துக்கு மூலப்பொருள். கிலுகிலுப்பைக்கும் இதே குணம் உண்டு. அதே மூலையில் ஆற்று மணலைக் கொட்டி ஈரமாக வைத்தால் உப்புச்சத்து தேடி வேறு சில வரும். தார் அடியில் கனிந்து விழுந்த பூவன்பழமும், ஆவணி புரட்டாசியில் விழும் பனம்பழமும், பூவையே நாடாத இனங்களுக்கு விருந்து.

திறந்தவெளியில் இது சாத்தியமா என்று நிர்வாகம் தயங்கினால், அவர்களைத் திருச்சிக்கு அழைத்துப் போங்கள். ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட காப்புக்காட்டில், ஏறத்தாழ 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. உணவுத் தாவரங்களை நட்டதும் பூச்சிகள் தாமாக வந்து சேரும் என்பதை அங்கே நடந்தே பார்க்கலாம். மதியம் போகாதீர்கள், காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் போங்கள்.

பசுமைக்குடில் அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்றங்காலுக்கு 50 சதவீத நிழல்வலையில் சிறிய கூடம் ஒன்று கட்டாயம் தேவை. புழு தின்றால் செடி மொட்டையாகும். மொட்டையான செடியை மாற்றிவைக்கப் பின்னால் தயாராக இன்னொரு வரிசை வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு கறிவேப்பிலைக்கு நான்கு கறிவேப்பிலை பையில் இருக்கட்டும். ஆடுதின்னாப்பாளைக்குக் கூடுதலாகவே வையுங்கள், சிறிய செடி என்பதால் இரண்டு புழு சேர்ந்தால் இரண்டு நாளில் தண்டு மட்டும் மிஞ்சும். உங்கள் வண்டல் களிமண் ஐப்பசி அடைமழையில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், நீர்முள்ளியைத் தவிர மற்றவற்றுக்கு ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் தோட்டம் நிறைந்திருக்கும். கோடையில் எண்ணிக்கை குறையும். அதைத் தோல்வி என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அது அவற்றின் பருவம்.

எல்லாப் பக்கமும் நெருக்கமான வலையால் மூடிய மிகச் சிறிய கூண்டு ஒன்றையும் ஆய்வகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டைக்குள்ளேயே முட்டையிடும் நுண்குளவிகளும், புழுவின் உடலில் வளரும் ஈக்களும் நூற்றில் மிகப் பெரும் பங்கை முடித்துவிடும் என்பதால், சில இலைகளை முட்டையோடு கூண்டுக்குள் கொண்டுவந்து வளர்த்து வெளியே விடுவது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் இதில் சட்டம் குறுக்கே வரும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதன் அட்டவணைகள் 2022-இல் திருத்தி அமைக்கப்பட்டன. எது எந்த அட்டவணையில் இருக்கிறது என்று பார்த்து, மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே ஒன்றைக்கூடக் கூண்டில் வையுங்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடும் கல்லூரிகளில், சிறப்பு விருந்தினர் வரும் முதல்நாள் யாரையும் கேட்காமல் மருந்தடித்துவிடுவது வழக்கம். ஒரு தெளிப்பில் ஒரு வருட உழைப்பு போய்விடும். ஒப்பந்தத்திலேயே தடைசெய்து எழுதிவிடுங்கள். வயலை ஒட்டிய பக்கத்தில் ஆடாதோடையையும் நொச்சியையும் இரண்டு வரிசை நெருக்கமாக வைத்தால், குறுவை, சம்பாவுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வருவது ஓரளவு தடைபடும். கடித்துப் பொத்தலான இலையைப் பார்த்துத் தோட்டக்காரர் வருந்தாமல் இருக்க அவருக்கும் ஒருநாள் உருப்பெருக்கியைக் கொடுத்து முட்டையைக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகு அவரைவிடச் சிறந்த காவலர் கிடையாது.

கடைசியாகப் பெயர்ப்பலகைகள். தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், எந்தப் புழு இதைத் தின்னும் என்ற மூன்றும் இருக்கட்டும். பெயர்களைச் சரிபார்க்கத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) இருக்கிறது. கறிவேப்பிலையின் பலகையில் மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். அதன் தாவரவியல் பெயரில் வரும் 'கோனிகி' என்ற சொல், உயிரினங்களுக்கு இருசொற்பெயர் முறையை வகுத்த லின்னேயசின் மாணவராக இருந்து 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்டு கோனிக்கைக் குறிக்கிறது. அவர் இங்கிருந்து சேகரித்து அனுப்பிய பூச்சிகளில் பலவற்றை, அப்போது கோபன்ஹேகனில் ஆசிரியராக இருந்த பூச்சியியல் அறிஞர் ஃபப்ரீசியஸ் ஆராய்ந்து விவரித்தார். இலவமரத்தடியில் கூட்டங்கூட்டமாக ஊரும் சிவப்புப் பூச்சிக்கும் அவர் 1775-இல் கோனிக்கின் பெயரையே சூட்டினார். கிரிம்சன் ரோசின் நெருங்கிய உறவான 'காமன் ரோஸ்' அதே ஆண்டு அவரிடம் பெற்ற பெயர், அது தின்னும் ஆடுதின்னாப்பாளை இனத்தின் லத்தீன் பெயரிலிருந்தே எடுக்கப்பட்டது. பலகையை மரத்தில் ஆணியடிக்காமல் குச்சி ஊன்றி வையுங்கள், இடுப்பளவுக்கு மேலே போக வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அண்ணாந்து பார்க்காமல் படிக்கவும், படித்த கையோடு பக்கத்து இலையைத் திருப்பி முட்டையைத் தேடவும் அந்த உயரம்தான் சரியாக இருக்கும்.